காற்றில் வரும் கள்வன்

மார்கழி விடியற்காலையில் சேதராப்பட்டுப் பக்கத்து வயல் வரப்புகளில் நடந்து சென்றோருக்கு அக்காட்சி மறக்காது. ஒருபுறம் தொழிற்பேட்டையின் விளக்குகள். மறுபுறம் பனிமுத்துக்களைத் தாங்கி நிற்கும் நெற்பயிர். பார்ப்பவர் கண்ணுக்குப் பனி அழகு. உழவர் நெஞ்சுக்கோ அது கவலை.

குலை நோய்க்குக் காரணமான பூஞ்சணம், ஈரமும் குளிர்ச்சியும் மிகுந்த இரவுகளில்தான் தன் வித்துக்களைப் பெரும்பாலும் காற்றில் அவிழ்த்துவிடுகிறது. ஒவ்வொரு வித்தும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு நீளமே இருக்கும். நனைந்த இலையில் வந்து தங்கினால் போதும். முளைவிட்டு இலைக்குள் துளைத்துப் புகுந்துவிடும். சில நாட்களில் கண் வடிவான புள்ளிகள் தோன்றும். கதிரின் கழுத்தைப் பற்றிவிட்டாலோ மணியெல்லாம் பதர்தான். 1919-ஆம் ஆண்டில் தஞ்சைக் கழனிகளை இந்நோய் சூறையாடிச் சென்றது.

காற்றில் வரும் இக்கள்வனைக் காற்றிலேயே மடக்க முடியாதா?

உலர்ந்த நாளில் தலை வாரிய சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுசென்றால், அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்வதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். இவ்வாறு உராய்வினால் பிறந்து, ஓடாமல் தங்கி நிற்பதே நிலைமின்சாரம். அமெரிக்க ரசாயன சாஸ்திரி காட்ரெல் இச்சக்தியைக்கொண்டு ஆலைப் புகையிலுள்ள துகள்களைத் தகடுகளில் படியவைக்கும் யந்திரத்துக்கு 1908-இல் உரிமை பெற்றார். நமக்கு அண்மையிலுள்ள நெய்வேலி அனல்மின் நிலையங்களில் புகைச் சாம்பலைப் பிடிப்பதும் இம்முறையே.

சாம்பலைப் பிடிக்கும் சக்தி பூஞ்சண வித்தையும் பிடிக்கும் அல்லவா? ஜப்பானின் கிங்கி சர்வகலாசாலையைச் சேர்ந்த மட்சுடா முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் இதை மெய்ப்பித்தனர். மின்காப்பு உறையிட்ட கம்பிகளுக்கு மின்சாரம் ஏற்றி, தக்காளிச் செடிகளைச் சுற்றி வரிசையாக நிறுத்தினர். மிதந்து வந்த சாம்பல் நோய் வித்துக்கள் கம்பிகளால் இழுக்கப்பட்டு உறையிலேயே ஒட்டிக்கொண்டன. உள்ளே நின்ற செடிகள் மருந்தின்றியே தப்பின.

ஆனால் கண்ணாடி வீட்டுத் தக்காளிக்குப் பொருந்துவது காணிக்கணக்கான நெல்லுக்குப் பொருந்தாது. எல்லாத் திசையும் திறந்துள்ள வயலைக் கம்பி வேலியால் சூழ்ந்து வித்துக்களைத் தடுக்க முடியுமா? மேலும், நோய் பரவும் பனி இரவில் மின்காப்புப் பொருள்களும் நனைந்து மின்சாரம் கசிந்துவிடும்.

திறந்த வயலில் இச்சக்திக்கு வேறொரு வேலை உண்டு. நாம் தெளிக்கும் மருந்தில் கணிசமான பங்கு இலையில் படியாமல் மண்ணிலும் காற்றிலும் வீணாகிறது. தெளிப்பவர் மூச்சிலும் கலக்கிறது. மருந்துத் துளிகளுக்கு மின்சாரம் ஏற்றிவிட்டாலோ, அவை ஒன்றையொன்று விலக்கிப் பரவி, செடியை நாடிச் சென்று, இலையின் அடிப்புறத்திலும் வளைந்து ஒட்டும். ஜார்ஜியா சர்வகலாசாலையின் எட்வர்ட் லா 1970-களிலேயே இதற்கான குழாய் முனையை அமைத்தார். நமது நாட்டிலும், சண்டிகரிலுள்ள மத்திய விஞ்ஞானக் கருவிகள் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய தெளிப்பானைச் செய்திருக்கிறது. அதே நுட்பம் 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் கிருமிநாசினி தெளிக்கவும் உதவிற்று. அந்நிய நாட்டுச் சரக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது நமக்குப் பெருமை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பயிர் அடர்ந்திருந்தால் மின்னேறிய துளிகள் வெளி இலைகளிலேயே படிந்து, உள்ளே புகாமல் நின்றுவிடும். கருவியின் விலையும் சிறு உழவர் ஒருவரால் தாங்கக்கூடியதன்று. கூட்டுறவுச் சங்கமோ பஞ்சாயத்தோ ஊருக்கொன்று வாங்கி முறைவைத்துக் கொடுத்தால் பலனுண்டு.

எந்த யந்திரம் வந்தாலும் முதற்காவல் உழவரின் கண்ணே. நோய் தாங்கும் விதையைத் தேர்ந்தெடுப்பதும், யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடாதிருப்பதும், பனிக்காலத்தில் நாள்தோறும் இலையைப் புரட்டிப் பார்ப்பதும் காசு அதிகம் கேளாத காரியங்கள். வீடு காக்கப் பூட்டு வாங்கலாம். விழித்திருக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தானே!