கட்டிலோரத்து ஆராய்ச்சி

தாய் தகப்பனைத் தெய்வமாக வைத்துப் பூசிக்கும் நாடு நமது நாடு என்று பெருமை பேசாத பிரசங்கி ஒருவரும் இங்கு கிடையாது. சிரவணன் என்பவன் கண்ணில்லாத தாய் தகப்பனைக் காவடியில் வைத்துத் தூக்கித் திரிந்தான் என்று கதை சொல்லி, தட்டில் விழுந்த காசை எண்ணிக்கொண்டு போய்விடுகிறார்கள். காவடியில் இருந்தவர்களுக்கு மலஜலம் வந்தபோது யார் பார்த்தார்கள், புண் வந்தால் யார் கழுவினார்கள் என்பதைச் சொன்னவனும் சொல்லவில்லை, கேட்டவனும் கேட்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்பதையே வேலையாகக் கொண்ட ஒரு பெண்ணைப்பற்றித்தான் இவ்வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் பொங்கலூரில் தோழர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தோம். அவர் மகள் எம்.ஏ. படித்தவர். பனியன் கம்பெனிக்குக் கணக்கெழுதப் போகாமல், ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்தச் சம்பளத்துக்கு இளநிலை ஆராய்ச்சியாளராகச் சேர்ந்திருக்கிறார். வருஷக்கணக்காய்க் கட்டிலோடு கிடக்கும் முதியவர்கள் உள்ள வீடுகளுக்குப் போய், நாள் முழுவதும் கூட இருந்து, கண்டதையும் கேட்டதையும் இரவில் எழுதி வைப்பதுதான் அவர் வேலை. இதற்கு இனவரைவியல் என்று படித்தவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊரார், "கெழவியை வேடிக்கை பாக்கறதுக்குச் சம்பளமா?" என்று சிரிக்கிறார்களாம். தோழரும் அதையே சற்று நாகரிகமாக நம்மிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறோம்.

கணக்கெடுப்பு வேண்டாம் என்பது நமது கட்சியல்ல. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கில் இந்தியா முழுமைக்கும் 60 வயதைத் தாண்டியவர்கள் 100-க்கு 8.6 பேர் இருக்க, தமிழ்நாட்டில் 10.4 பேர் இருந்தார்கள். 2017-18-ல் மும்பை மக்கள்தொகை ஆராய்ச்சி நிலையத்தார் 45 வயதுக்கு மேற்பட்ட சுமார் 72,000 பேரை விசாரித்தார்கள். இவையெல்லாம் அவசியமான காரியங்களே. ஆனால் கேள்வித்தாளோடு வருகிறவர் ஒருமணி நேரம் உட்கார்ந்திருப்பார். மருமகள், "எங்க அத்தையை நல்லாத்தானுங்க பாத்துக்கறோம்" என்பாள். தண்ணீர் கொடுக்கிறீர்களா என்றால் ஆம் என்பாள். அது பொய்யும் அல்ல. தாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டு அவர் போய்விடுவார்.

இந்தப் பெண் ஒரு வீட்டுக்கு நான்கு நாள் போனார். முதல் நாள் நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார்கள். நான்காம் நாள் நாற்காலி போட அவர்களுக்கு நேரமில்லை. உண்மை அன்றுதான் வெளியில் வந்தது. விடியுமுன் நாலு மணிக்கே மருமகள் எழுந்து, மாமியாரைக் கழுவித் துடைத்து, துணி மாற்றி, கைக்கெட்டும் இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்துவிட்டு, கம்பெனி வேன் ஊதியதும் ஓடுகிறாள். சொம்பு மத்தியானம் வரையில் நிரம்பியபடியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டதற்குக் கிழவி, "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வருமுல்ல அம்மிணி? அவ வர்ற வரைக்கும் ஆரு என்னையத் தூக்கறது?" என்றாளாம்.

தோழர்களே! 72,000 பேரைக் கேட்டாலும் இந்தச் சொம்பு அகப்படுமா? இதில் கொடுமைக்கார மருமகள் எங்கே இருக்கிறாள்? தலைவிதி எங்கே இருக்கிறது? வேன் வருகிற நேரமும் ஷிப்ட்டு முடிகிற நேரமும் சேர்ந்து ஒரு கிழவியைத் தாகத்தில் போட்டிருக்கின்றன. மகன் என்ன செய்கிறான் என்கிறீர்களா? தறிக்குப் போகிறான், டீக்கடையில் உட்கார்ந்து "எங்காத்தாதான் எனக்குத் தெய்வம்" என்கிறான். தெய்வம் என்று சொல்லிவிட்டால் கழுவிவிட வேண்டியதில்லை போலும்!

பெற்றோர் பராமரிப்புக்கென்று 2007-ல் சட்டம் செய்தார்கள். அதில் பிள்ளைகள் என்றால் மகன், மகள், பேரன், பேத்தி என்று எழுதியிருக்கிறது. வேலை முழுவதையும் தலையில் சுமக்கும் மருமகள் அந்த வரிசையில் இல்லை. கடமை ஒருவர் பேரில், கஷ்டம் இன்னொருவர் பேரில்.

நிற்க. அன்று அந்தப் பெண் நோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிழவியைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீரும் குடிக்கவைத்தார். நகரத்திலிருந்த மேலதிகாரி டெலிபோனில், "பார்ப்பது மட்டுமே உன் வேலை, கை வைத்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும்" என்றாராம். நமக்கு இது ஒப்பவில்லை. அமெரிக்காவில் டிமொதி டயமண்ட் என்ற சமூகவியல் ஆசிரியர், சிக்காகோவில் தாமே பணியாள் பயிற்சி பெற்று, முதியோர் இல்லங்களில் கிழவர்களைக் குளிப்பாட்டித் துணி மாற்றும் கூலி வேலை செய்துதான் 1992-ல் புத்தகம் எழுதினார். நிர்வாகத்தின் பதிவேடு எண்ணுவது வேறு, பணிப்பெண்களின் கை செய்வது வேறு என்பதை அவர் காட்டியது அந்தக் கை வேலையால்தான். சென்னைக் குடிசைப் பகுதிகளில் பென்னி வெரா-சான்சோ என்ற அம்மையார் கூட்டாளிகளோடு 2007 முதல் 2010 வரை இருந்து பார்த்ததில், பாரம் என்று சொல்லப்படும் கிழவிகளே வியாபாரம் செய்தும் பேரப்பிள்ளைகளை வளர்த்தும் குடும்பத்தைத் தாங்குவது தெரிந்தது. கனடாவில் பாட் ஆம்ஸ்ட்ராங் என்ற அம்மையார் தலைமையில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூட்டமாய் ஆறு தேசத்து முதியோர் இல்லங்களுக்குப் போய்ப் பார்த்து, கூட்டாக வேலை செய்தது எப்படி என்பதையே 2018-ல் ஒரு புத்தகமாகப் போட்டார்கள். நம் நாட்டிலோ நாற்றத்தில் உட்கார்ந்தவர் ஒருவர், அட்டையில் பேர் போட்டுக்கொள்பவர் இன்னொருவர் என்கிற வருணாசிரமம் ஆராய்ச்சியிலும் புகுந்திருக்கிறது. எழுதியவரின் பேர் புத்தகத்தில் வரவேண்டும். பத்துமாத ஒப்பந்தம் என்று ஏய்க்காமல் நிலையான சம்பளமும் வேண்டும்.

இன்னொரு சங்கதி. இவரோடு வேலை செய்யும் மற்றொரு பெண் அருந்ததியர் வகுப்பினர். "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான் எந்த வீட்டிலும் முதற் கேள்வி. பதில் தெரிந்ததும் அவருக்குத் திண்ணைதான். காப்பியும் வேறு தம்ளரில். அதே வீட்டில் சொந்தக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகியபோது, கிழவரைக் கழுவ அவருடைய தெருவிலிருந்துதான் ஆள் கூப்பிட்டார்கள். ஆள் உள்ளே வரலாம், தம்ளர் உள்ளே வரக்கூடாது! இதை அவர் குறிப்பில் எழுத, விஷயத்துக்குப் புறம்பு என்று அடித்துவிட்டார்களாம். இதைவிட விஷயம் வேறு எது என்று கேட்கிறோம். முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவிடும் தலைக்கூத்தல் விருதுநகர்ப் பக்கத்தில் நடப்பது 2010-ல் அம்பலமானது. அடித்துவிட்ட குறிப்புகளிலும் கேட்காத கேள்விகளிலும்தான் இப்படிப்பட்டவை எத்தனையோ காலம் ஒளிந்திருக்கின்றன.

தந்தை பெரியார் மூத்திரக் குழாயும் பையுமாக ஊர் ஊராய்ச் சுற்றினார் என்று மேடையில் சொல்லாத தோழர் நம்மில் உண்டா? 1973 டிசம்பர் 19-ல் தியாகராய நகரில் கடைசிப் பேச்சுப் பேசியபோது அவருக்கு வயது 94. அந்த உடம்பைப் பிரயாணத்துக்குத் தகுதியாக வைத்திருந்தது மணியம்மையாரின் பல வருஷத்து வேலை. நாமோ பையைப்பற்றிப் பேசினோம், கையைப்பற்றி அவ்வளவு பேசவில்லை.

தோழர் ஒப்புக்கொண்டார். அன்றிரவு கூட்டத்துக்குப் புறப்பட்டபோது, "நம்ம ஊர்ப் பொம்பளைகள் மட்டும் கூட்டத்துக்கு வரமாட்டேங்கறாங்க" என்று வருத்தப்பட்டார். உள்ளறையில் அவருடைய தாயார் அய்ந்து வருஷமாய்க் கட்டிலில் கிடக்கிறார். பக்கத்தில் ஈரத்துணியும் கையுமாய் அவருடைய துணைவியார் நின்றுகொண்டிருந்தார். மகளின் நோட்டு அந்த வீட்டில் இன்னும் திறக்கப்படவில்லை. அடுத்த மாதம் பொங்கலூரில் மறுபடியும் கூட்டம் இருக்கிறது. அன்று மாலை தாயாரைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும், துணைவியாரைக் கூட்டத்துக்கு அனுப்புவதாகவும் தோழர் சொல்லியிருக்கிறார்.