இரும்பும் ஓர் அமானிதமே



சென்ற விடுமுறையில் எமது மத்ரஸா மாணவர் 15 பேரை நீலகிரி மலை ரயிலில் அழைத்துச் சென்றோம். 2007ஆம் ஆண்டில் சேலம் ரயில்வே கோட்டம் அமைந்ததிலிருந்து அந்த மலைப்பாதை நம் கோட்டத்தைச் சேர்ந்தது. அப்படியிருந்தும் நம் சமவெளிப் பிள்ளைகளுள் பலர் அதைப் படத்தில் மட்டுமே கண்டிருக்கின்றனர்.

ஃபஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு மேட்டுப்பாளையம் நிலையத்தை அடைந்தோம். நீராவி இஞ்சின் பெருமூச்சு விட்டபடி நின்றிருந்தது. முதிய தொழிலாளர் ஒருவர், கையில் எண்ணெய்க் குவளையும் கழிவுப் பஞ்சுமாக, அதனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் தட்டி ஓசை கேட்டார். மற்றோரிடத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார்.

மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "ஹஜ்ரத், இவ்வளவு பழையதை ஏன் இன்னும் ஓட்டுகிறார்கள்? காட்சிக்கு வைத்துவிட்டுப் புதியதை வாங்கலாமே?"

நல்ல கேள்விதான். அதற்கு விடை சொல்ல, அந்த இஞ்சினைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899இல் திறக்கப்பட்டது. 1908இல் உதகையைச் சென்றடைந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர். 16 குகைகள், 208 வளைவுகள், 250 பாலங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 12 அடி முன்னேறினால் ஓரடி உயரும் அளவுக்கு ஏற்றம் இருக்கிறது. வழுவழுப்பான தண்டவாளத்தில் வழுவழுப்பான சக்கரம் இந்த ஏற்றத்தில் பிடிப்பின்றிச் சறுக்கிவிடும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டங்களைப் பதித்துள்ளனர். இஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி மேலேறுகிறது. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆப்ட் என்ற பொறியாளர் வகுத்த முறை இது.

இதற்கென அந்நாட்டின் விண்டர்தூர் நகரில் உருவானவையே 'எக்ஸ்' வகை இஞ்சின்கள். முதல் இஞ்சின்கள் 1914இலும் கடைசி இஞ்சின்கள் 1952இலும் செய்யப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை இயக்கும். ஏற்றம் வந்ததும், அவற்றில் வேலை செய்து வெளியேறும் அதே நீராவி மற்ற இரண்டிலும் புகுந்து பற்சக்கரத்தைச் சுழற்றும். ஒருமுறை உழைத்த நீராவி வீணாகாமல் மறுமுறையும் உழைக்கிறது! வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இதனைக் காணும்போது மகிழ்ச்சி உண்டாகாதா?

ஆனால், இத்தகைய இஞ்சினைச் செய்து முடிப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. நம் வட்டாரத்து ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் உள்ளே வெண்மையான பொருக்குப் படிவதை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவர். கொதிகலனுக்குள்ளும் அவ்வாறே படியும். அதைக் காலந்தோறும் கழுவி அகற்றாவிட்டால், நெருப்பின் சூடு நீரைச் சென்று சேராமல் இரும்பையே தின்னத் தொடங்கும். நீர்மட்டம் ஒருபோதும் அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. அதனால்தான் வழியில் ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் நின்று தண்ணீர் பிடிக்கின்றனர். பற்சக்கரத்தின் பல் தேயும். குழாய் கசியும். தேய்ந்த உறுப்பை வாங்கக் கடைக்குச் செல்ல இயலாது. பணிமனையிலேயே கடைந்தெடுக்க வேண்டும். இந்த இஞ்சின்களைப் பழுதுபார்த்துப் பழகிய திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள், புதிய எக்ஸ் வகை இஞ்சின்களையே செய்து முடித்தனர். முதலில் எண்ணெயில் எரிபவற்றைச் செய்தனர். 2021இல் நிலக்கரியில் எரிவதையும் செய்தனர். ஆம், பழையதைப் பேணத் தெரிந்த கைக்கே புதியதைப் படைக்கவும் தெரிந்தது! மாணவன் கேட்ட கேள்விக்கு இதுவே பாதி விடை.

மீதி விடை மதீனாவில் இருக்கிறது. உதகைக்கு ரயில் சென்ற அதே 1908இல்தான் டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கும் ரயில் சென்றது. சுல்தான் அப்துல் ஹமீது தொடங்கிய, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஹிஜாஸ் இருப்புப்பாதைக்கு இந்திய முஸ்லிம்கள் உட்பட உலகெங்கிலுமுள்ள முஸ்லிம்கள் நன்கொடை வழங்கினர். முதல் உலகப் போரில் பாதை சிதைந்தது. போருக்குப் பின்னர் அது மதீனா வரை நிலையாக ஓடவேயில்லை. இன்று மதீனா நிலையம் ஓர் அருங்காட்சியகம். அங்கே இஞ்சின்கள் நிற்கின்றன, ஓடவில்லை. இரும்பில் குறையில்லை, கொடுத்தவர்களின் உள்ளத்திலும் குறையில்லை. நாள்தோறும் கொதிகலனைக் கழுவவும் திருகை முடுக்கவும் கைகள் இல்லாது போயின. அதுவே வேறுபாடு.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த மாணவன் என்னைப் பார்க்கவில்லை. முதியவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லிய குரலில், "எங்க அத்தாவும் இப்படித்தான் புறங்கையை வைத்துப் பார்ப்பாங்க" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் தந்தை நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை செய்பவர். ஈராண்டுகளுக்கு முன்னர் மத்ரஸாவுக்கு வந்தவர், மகன் மாலையில் பட்டறைக்கு வந்து உதவுவதாகப் பெருமையோடு கூறினார். நானோ, "கையில் கரி படாமல் வாழத்தானே பிள்ளையைப் படிக்க வைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். மகன் அருகிலேயே நின்றிருந்தான். அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதன் பிறகு அவன் பட்டறைப் பக்கம் போவதில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன்.

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை இளக்கித் தந்ததையும், அவர்கள் தம் கையால் கவசம் செய்ததையும் வகுப்பில் எத்தனை முறை கற்பித்திருப்பேன்! அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டதை எத்தனை மேடைகளில் பேசியிருப்பேன்! அப்படிப்பட்ட நானே, இரும்போடு உழைக்கும் ஒரு கையை அதற்குரியவரின் மகன் முன்னிலையிலேயே வெட்கப்பட வைத்துவிட்டேன். படிப்பு வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் தந்தையின் கையைக் கண்டு மகன் கூசுமாறு செய்வது படிப்பாகாது.

ஊர் திரும்பிய மறுவாரம் அந்தப் பட்டறைக்குச் சென்றேன். ஸலாம் சொல்லிக் கை நீட்டினேன். பட்டறைக்காரர்களின் வழக்கப்படி அவர் கரி படிந்த விரல்களை மடக்கிக்கொண்டு மணிக்கட்டை நீட்டினார். நான் உள்ளங்கையைப் பற்றி முஸாஃபஹா செய்து, அன்று சொன்ன சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்போதோ மறந்தாச்சு ஹஜ்ரத்" என்றார். மறக்கவில்லை என்பதை அவர் கண்கள் கூறின. லாரிக்கு அடியில் ஸ்பேனரோடு படுத்திருந்த ஒருவன் தலையை நீட்டி, "அஸ்ஸலாமு அலைக்கும், ஹஜ்ரத்" என்றான். அது அவர் மகன்!

சகோதரர்களே! கட்டிக் கொடுப்பவரின் பெயரைக் கல்லில் பொறிக்கிறோம். பள்ளிவாசலின் மோட்டாரை ஓடவைப்பவர், மத்ரஸாவின் கூரையைச் செப்பனிடுபவர், கிழிந்த கிதாபை ஒட்டித் தைப்பவர் ஆகியோரின் பெயர் நமக்குத் தெரிவதில்லை. நம் கைக்கு வந்த ஒவ்வொன்றும் அமானிதம். அதைப் பேணும் கையும் கண்ணியத்திற்குரியது. உங்கள் மஹல்லாவில் அத்தகைய கை ஒன்று இருக்கும். இந்த வாரம் தேடிச் சென்று அதைப் பற்றி ஸலாம் சொல்லுங்கள். கரி ஒட்டினால் ஒட்டட்டும், கழுவினால் போய்விடும்.

உழைக்கும் கைகளின் மதிப்பை உணரும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.