அட்வான்ஸ் யார் வீட்டுப் பணம்?

வாடகை வீட்டில் இருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு அரசு அடுக்குமாடியில் ஒரு வீடு ஒதுக்கீடு ஆகிவிட்டால் அவர்கள் கஷ்டம் தீர்ந்தது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். "கொடுத்து வைத்தவன்" என்று காப்பிக் கடையில் பேசிக்கொள்கிறோம். ஒதுக்கீட்டுக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து புது வீட்டில் பால் காய்ச்சும் நாள் வரைக்கும் நடுவில் இரண்டு மூன்று மாதம் இருக்கிறதே, அதில் அந்தக் குடும்பம் படும் பாட்டை நாம் பார்ப்பதில்லை. அந்தப் பாட்டில் பாதிக்கு அரசாங்கம் பொறுப்பு. மீதிப் பாதிக்கு நாம் பொறுப்பு. நாம் என்றால் மாடி போர்ஷனையோ பின்கட்டையோ வாடகைக்கு விட்டு, அதைப் பென்ஷனோடு சேர்த்துக் காலம் தள்ளும் என் வயதுக்காரர்கள். நானும் ஒரு போர்ஷன் விட்டிருப்பவன்தான். வெளியாள் வந்து திட்டுகிறான் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். அடுக்குமாடி வீடு சும்மா கிடைப்பதில்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்புதான் இந்த வீடுகளைக் கட்டுகிறது. 2015-இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சம் தந்தது, மாநில அரசு தன் பங்கைப் போட்டது, பாக்கியைக் குடிவருகிறவர் கட்ட வேண்டும். அதற்குப் 'பயனாளி பங்கு' என்று பெயர். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பவருக்குத்தான் வீடு. மாதம் 25,000 ரூபாய்க்குக் கீழே சம்பாதிக்கிறவர், அதில் வாடகை கொடுத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, மொத்தமாக ஒரு தொகைக்கு எங்கே போவார்?

அவரிடம் மொத்தமாக இருக்கும் பணம் ஒன்றே ஒன்றுதான். அது நம்மிடம் இருக்கிறது. அட்வான்ஸ்.

போக்கியத்துக்கு இருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். அவருடைய ஆயுள் சேமிப்பே வீட்டுக்காரர் கையில் இருக்கும்.

இனிமேல் நடப்பதைக் கவனியுங்கள். பங்குத் தொகை கட்டினால்தான் சாவி என்பது அங்கே. காலி பண்ணினால்தான் அட்வான்ஸ் என்பது இங்கே. சாவி வராமல் காலி பண்ணினால் சாமான்களோடு தெருவில் நிற்க வேண்டும். காலி பண்ணாவிட்டால் கட்டப் பணம் இல்லை. இந்த இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். வட்டிக்காரன்.

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த அடுக்குமாடி என்பதெல்லாம் வேண்டாம். இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தம்பதி. வாடகை 4,500, அட்வான்ஸ் 45,000. கடைசித் தவணையாக 60,000 கட்டச் சொல்லி வைகாசியில் கடிதம் வந்தது. அன்றைக்கே போய் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். "ரெண்டு மாசம் முன்னாடி சொல்லணும்னு தெரியாதாப்பா?" என்று கேட்டிருக்கிறார். சாவி எப்போது வரும் என்று தெரிந்தால்தானே இரண்டு மாதம் முன்னாடி சொல்ல! "ஆனிக் கடைசியில கொடுத்துடுவோம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். ஆனி போய் ஆடி வந்தது. ஆடியில் குடி போகமாட்டோம் என்று இவர்களும் தயங்கினார்கள். அதற்குள் அந்தம்மா அடுத்த ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கட்டிலும் பீரோவும் மச்சினி வீட்டுத் திண்ணைக்குப் போயின.

பணம்? மகளிர் குழுவில் 20,000 கிடைத்தது. மீதி 40,000 ஐந்து ரூபாய் வட்டிக்கு, அதாவது மாதம் 2,000. காலி பண்ணிய அன்றைக்கு அட்வான்ஸைக் கேட்டதற்கு அந்தம்மா சொன்ன பதில் இது:

"அதையெல்லாம் கையிலயா வச்சிருப்பாங்க? புது ஆளு வந்து கொடுத்தாத்தான் உனக்குக் கொடுக்க முடியும்."

மூன்று வாரம் கழித்துக் கொடுத்தார். வெள்ளையடிக்க 6,000, நோட்டீஸ் குறைச்சலுக்கு ஒரு மாத வாடகை 4,500, இரண்டையும் பிடித்துக்கொண்டு 34,500. குழுக்கடனும் தவணையும் குறுக்கே நிற்க, 40,000 கடனை அடைத்து முடிக்க மூன்று மாதம் ஆகிவிட்டது. வட்டி 6,000. ஆக, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போன கூலி 16,500 ரூபாய். ஒரு சட்டைக்குப் பத்து ரூபாய் என்று வைத்தால் 1,650 சட்டை தேய்க்க வேண்டும்.

அந்தம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. தீபாவளிக்கு அந்தப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தவர்தான். அவர் வாயிலிருந்து வந்தது நம் எல்லோருடைய நடைமுறை. அட்வான்ஸ் வாங்கிய மாதமே அது கிரில் கேட்டாகவும் பெண்ணுக்கு வளைகாப்பாகவும் மாறிவிடுகிறது. "இரண்டு மாத நோட்டீஸ்" என்று நாம் கறாராகப் பேசுவதெல்லாம் வீடு காலியாகக் கிடக்குமே என்ற கவலையால் என்று வெளியில் சொல்கிறோம். நிஜம் வேறு. பழைய குடித்தனக்காரருக்குத் திருப்பிக் கொடுக்க, புதுக் குடித்தனக்காரர் கொண்டுவரும் பணம் வேண்டும். அதற்குத்தான் அவகாசம் கேட்கிறோம். ஒருவர் பணத்தை வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கும் சீட்டுக் கம்பெனிகளைப் பற்றிப் பேப்பரில் படித்தால் மட்டும் நமக்குக் கோபம் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் நம் கறார் இன்னும் சிரிப்பாக இருக்கும். எழுதிக்கொண்ட ஒப்பந்தம் வேறு மாதிரி இல்லாவிட்டால், மாத வாடகை வீட்டைக் காலி பண்ணப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும் என்கிறது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், 106-ஆம் பிரிவு. 1960-இல் வந்த நம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. அந்தச் சட்டம் அமலில் இருந்த அறுபது வருஷத்தில் ஒரு மாத அட்வான்ஸ் வாங்கிய வீட்டுக்காரரை நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள், மாலை போடலாம்.

2017-இல் புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த வாக்கியத்தின் தலையிலேயே 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று ஒரு வார்த்தை. பத்து மாதம் வாங்குகிறவர் அந்த ஓட்டை வழியாகவே காரில் போகலாம். அதே சட்டத்தின் அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுவதும் சாக்கடை அடைப்பு எடுப்பதும் குடியிருப்பவர் பொறுப்பு என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கு மாறாக எழுதி வாங்காமல் அந்த 6,000 ரூபாயைப் பிடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஐந்து வருஷம் குடியிருந்தால் சுவர் அழுக்காகத்தான் செய்யும். அதற்குத்தானே மாதாமாதம் வாடகை வாங்கினோம்?

என் முக்கியமான சண்டை இந்தச் சட்டத்தின் இன்னொரு வரியோடு. காலி பண்ணிய ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு மாதத்தில்தான் மேலே சொன்ன நாற்காலிக்காரன் பிழைக்கிறான். மத்திய அரசு 2021-இல் மாநிலங்களுக்கு ஒரு மாதிரி வாடகைச் சட்டம் வகுத்துக் கொடுத்தது. அதில் குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகைதான் அட்வான்ஸ், காலி வீட்டை வீட்டுக்காரர் கையில் வாங்கும் அன்றைக்கே அது திரும்ப வேண்டும் என்று போட்டிருக்கிறது. நம் சட்டத்தையும் அப்படித் திருத்தினால் என்ன? கந்துவட்டியைத் தடை செய்ய 2003-இல் தனிச் சட்டமே போட்ட மாநிலம் இது. வட்டிக்காரனைப் பிடிக்கச் சட்டம், அவனிடம் ஆளை அனுப்பி வைக்க இன்னொரு சட்டமா?

கொஞ்சம் பழைய கதை பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் வாடகைக்குக் குடக்கூலி என்று பெயர். தஞ்சாவூர் மேலவீதி, தெற்குவீதிப் பக்கம் ஒரே வாசலுக்குள் ஏழெட்டுக் குடும்பம் ஒண்டுக் குடித்தனம் இருந்த வீடுகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரே கிணறு, வரிசை முறையில் கக்கூஸ், ராத்திரி பத்து மணிக்கு லைட்டை அணைக்கச் சொல்லி ஒரு சத்தம். அதெல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஹவுசிங் போர்டு வீடு கிடைத்தோ, மாற்றல் ஆகியோ போகிறவர் "வர்ற தைக்குக் காலி பண்றோம்" என்று வாயால் சொன்னால் போதும். பத்து மாதப் பணம் அங்கே மாட்டிக்கொண்டிருக்காது. வாசலில் வண்டி நிற்கும்போது கணக்கு முடிந்துவிடும்.

கிராமத்தில் நிலைமை வேறு. பண்ணையில் வேலை செய்தவருக்கு வேலை கொடுத்தவரும் மனை கொடுத்தவரும் ஒரே மிராசுதார். வேலையை விட்டால் குடிசையையும் விட வேண்டும். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம், விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனையை அவருக்கே சொந்தமாக்கியது. காவிரிப் படுகையில் அது எத்தனை பெரிய விஷயம் என்று நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்படி மனை கிடைத்த வீட்டுப் பேரப்பிள்ளைகள்தான் இன்று டவுனுக்கு வந்து இஸ்திரி போடுகிறார்கள், ஜவுளிக் கடையில் நிற்கிறார்கள், நம் மாடியில் குடியிருக்கிறார்கள். மனையைக் காட்டிக் கட்டிப்போட்ட காலம் போய், இப்போது அட்வான்ஸைக் காட்டிக் கட்டிப்போடுகிறோம். இரண்டும் ஒன்றா என்று கேட்காதீர்கள், ஒன்றில்லைதான். ஆனாலும் போக நினைக்கிறவர் போக முடியாமல் நிற்கிறாரே.

நண்பர் ஒருவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், இதைப் பேசும்போது குறுக்கே புகுந்தார். "ஓய், திடீர்னு காலி பண்ணிட்டா ரெண்டு மாச வாடகை எனக்கு நஷ்டமில்லையா? பென்ஷனும் வாடகையும் சேர்ந்தாத்தானே மருந்து வாங்க முடியும்?" நியாயமான கேள்வி. ஒரு மாத நோட்டீஸ் கேளுங்கள், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகங்களும் இருக்கிற தஞ்சாவூரில், சுமாரான வாடகை வீடு எத்தனை நாள் காலியாகக் கிடந்து பார்த்திருக்கிறீர்கள்? அதோடு, குடியிருப்பவர் அரசு வீட்டுக்குப் பெயர் கொடுத்திருப்பது நமக்கு ஒரு வருஷம் முன்னாடியே தெரியும். குலுக்கலில் வீடு விழுந்த அன்று நமக்குத்தானே முதலில் லட்டு வந்தது?

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது சின்ன விஷயம். சாவி தரும் தேதியை முப்பது நாள் முன்னாடி எழுத்தில் கொடுக்க வேண்டும். கரண்ட் வரவில்லை, திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்கவில்லை என்று அந்தத் தேதி தள்ளிப் போனால், தள்ளிப்போன ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகைப் படி கொடுக்கட்டும். கடைசித் தவணையைச் சாவி கொடுத்து ஒரு மாதம் கழித்து வாங்கட்டும். வீடு எங்கேயும் ஓடிவிடாது. இங்கிலாந்தில் ஹவுசிங் பெனிபிட் என்று ஒரு உதவித்தொகை உண்டு. பழைய வீடு, புது வீடு இரண்டுக்கும் தவிர்க்க முடியாமல் வாடகை கட்ட வேண்டி வந்தால், நான்கு வாரம் வரை இரண்டுக்கும் கொடுக்க அதன் விதியில் இடம் வைத்திருக்கிறார்கள். வீடு மாறுகிறவன் ஒரே ராத்திரியில் இங்கிருந்து அங்கே பறந்துவிட முடியாது என்பது அங்கே விதி எழுதிய குமாஸ்தாவுக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்காரர்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. அட்வான்ஸை வாங்கியதும் போஸ்ட் ஆபீஸிலோ பேங்கிலோ தனிக் கணக்கில் போடுங்கள். வட்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அசலைத் தொடாதீர்கள். ஒதுக்கீட்டுக் கடிதத்தைக் காட்டி ஒருவர் நோட்டீஸ் கொடுத்தால், அன்றைக்கே பாதி அட்வான்ஸை வாரியத்துக்குக் கட்டக் கொடுத்து ரசீது நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மீதி, வீட்டைப் பூட்டிச் சாவி தரும்போது. வாடகை பாக்கி, கரண்ட் பில் இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள். வெள்ளையடிக்கிற செலவை மட்டும் அவர் தலையில் எழுதாதீர்கள்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் வீடு மாறும் வண்டிகள் தெருவில் ஓட ஆரம்பிக்கும். உங்கள் மாடியிலிருந்தும் ஒரு குடும்பம் போவதாக இருந்தால், அவர்கள் அட்வான்ஸ் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று இப்போதே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.