தெருவையும் சேர்த்தா விற்றீர்கள்?

வாரத்தில் மூன்று நாள் என் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். திரும்பி வரும்போது ஆட்டோ தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது. “உள்ளே வந்தா ரிவர்ஸ் எடுக்க முடியாதும்மா” என்கிறார் ஓட்டுநர். அவர் சொல்வதிலும் தப்பில்லை. 78 வயதில், நான்கு மணி நேரம் மெஷினோடு கட்டுண்டு கிடந்த உடம்போடு, அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடக்கிறார். சக்கர நாற்காலி வாங்கினோம். மதில்சுவருக்கும் கார்களுக்கும் நடுவில் அது நுழையவில்லை. நடுத்தெருவில் தள்ளிப்போனால் பின்னால் ஹாரன் அலறுகிறது.

நங்கநல்லூரில் நாங்கள் ஒரு தலைமுறையாக வாழும் தெரு இது. பழைய தனிவீடுகளை இடித்து, மனைகளைச் சேர்த்து, பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பியது. அதற்குப் பிறகு தெரு எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. வரைபடத்தில் இது 30 அடித் தெரு. மழைநீர் வடிகால், ஈ.பி. பெட்டி, மரங்கள் எல்லாம் போக வண்டி ஓட மிஞ்சுவது 20 அடி. இரண்டு பக்கமும் கார் நின்றால் பக்கத்துக்கு ஆறடி போய்விடும். மிச்சம் எட்டு அடி. தீயணைப்பு வண்டியின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவு. தீப்பிடித்தால் யார் வருவார்கள்? எப்படி வருவார்கள்? இதைக் கேட்டால் “அபசகுனமாகப் பேசாதீர்கள்” என்கிறார்கள்.

சென்ற மழைக்குப் பாதாளச் சாக்கடை பொங்கி எங்கள் வாசலில் நின்றது. அடைப்பெடுக்க லாரி வந்தது. அடைத்துக்கொண்ட இடத்தின் மூடிமேல் ஒரு கார் நின்றது. யாருடையது என்று வீடுவீடாகக் கேட்டோம். சொந்தக்காரர் வெளியூர் போயிருக்கிறாராம். லாரி திரும்பிப் போனது. அன்று இரவு முழுக்க அந்த நாற்றத்தில்தான் என் அம்மா படுத்திருந்தார்.

கட்டியவர்களே, உங்களைக் கேட்கிறேன். விளம்பரத்தில் அமைதியான தெரு என்று எங்கள் தெருவைக் காட்டித்தானே வீடுகளை விற்றீர்கள்? கார் நிறுத்தும் இடத்துக்குத் தனி விலை வைத்தீர்கள். தூண்தளத்து நிறுத்துமிடத்தைத் தனிச்சொத்தாக விற்க முடியாது என்று மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொன்னதை அறியாதவர்களா நீங்கள்? பணம் கொடுக்க முடியாதவருக்கு எங்கள் வாசலைக் காட்டிவிட்டீர்கள். பணத்தை எண்ணிக்கொண்டு நீங்கள் அடுத்த மனைக்குப் போய்விட்டீர்கள். நாங்கள் எங்கே போவது?

அனுமதி கொடுத்தவர்களே, 2019-ல் புதிய கட்டட விதிகள் வந்தபோது சாதாரண உயரக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 1.5-லிருந்து 2 ஆனது. மாடிகள் கூடின. தெரு ஓர் அங்குலமாவது கூடியதா? வரைபடத்தில் உள்ளே எத்தனை கார் நிற்கும் என்று எண்ணினீர்கள். வெளியே எத்தனை நிற்கப்போகிறது என்று ஒருவராவது வந்து பார்த்தீர்களா? விருந்தினர் வண்டிக்கென்று காட்டிய இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று திரும்பி வந்து பார்த்தீர்களா? போக்குவரத்துக் காவலுக்குச் சொன்னால் மாநகராட்சிக்குப் போகச் சொல்கிறார்கள். மாநகராட்சிக்குப் போனால் காவல் நிலையத்தைக் காட்டுகிறார்கள். பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்குமேல் ஆளில்லாமல் நிற்கும் வண்டியை இழுத்துப்போக மோட்டார் வாகனச் சட்டம் 127-ஆம் பிரிவில் அதிகாரம் தந்திருக்கிறது. எங்கள் தெருவில் வாரக்கணக்கில் தூசி படிந்து நிற்கும் வண்டிகளிடம் அந்தச் சட்டம் ஏன் வருவதில்லை?

குடிவந்தவர்களே, உங்கள்மேல் எங்களுக்குப் பகையில்லை. வாழ்நாள் கடனை வாங்கி வீடு வாங்கியவர்கள் நீங்கள். ஆனால் “விருந்தினர் வண்டிகளை வெளியே நிறுத்தவும்” என்று உங்கள் கேட்டில் பலகை மாட்டியிருக்கிறீர்களே, அந்த வெளியே என்பது எங்கள் வாசல் என்று தெரியாதா? உள்ளே உங்கள் இடத்தில் பழைய சோபாவும் அட்டைப்பெட்டியும் கிடக்க, இரண்டாவது காரை எங்கள் கேட்டுக்கு முன்னால் விடுகிறீர்கள். கேட்டால் “கவர்ன்மென்ட் ரோடுதானே” என்கிறீர்கள். ஆமாம், கவர்ன்மென்ட் ரோடுதான். கார் இல்லாத எங்களுக்கும், கூடை சுமந்து வரும் பூக்காரம்மாவுக்கும், பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளைக்கும் அதே கவர்ன்மென்ட் ரோடுதான்!

நாங்கள் கேட்பது பெரிய விஷயமில்லை. தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் வண்டி நிற்கட்டும். முனைகளிலும் வீட்டு வாசல்களிலும் சாக்கடை மூடிகளிலும் கோடு போட்டுத் தடை செய்யுங்கள். இரவெல்லாம் தெருவில் நிற்கும் காருக்குக் கட்டணம் வாங்குங்கள். அந்தப் பணத்தில் எங்களுக்கு நடைபாதை போடுங்கள். விருந்தினர் இடத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கள். அடுத்த குடியிருப்புக்கு அனுமதி எழுதும் முன் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்தத் தெருவில் இரவு பத்து மணிக்கு நடந்து பாருங்கள்.

இந்தத் தெருவுக்கு நாங்களும் வரி கட்டுகிறோம். நோயாளித் தாய் தன் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்குவதற்குக்கூட இந்த ஊரில் உரிமை இல்லையென்றால், அதை எழுத்தில் கொடுங்கள். அதையும் கையெழுத்துப் போட்டே கொடுங்கள்.