கூடமும் கோணலாக இருக்கலாம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் முதுமொழி. தம் குறையை மறைக்கப் பிறிதொன்றின்மேற் பழி போடுவோரை இடித்துரைக்க இதனிலும் நல்ல வாசகம் இல்லை. ஆயினும், சில வேளைகளிலே கூடம் மெய்யாகவே கோணலாக இருப்பதும் உண்டு. அப்போது நாம் ஆடியவளைப் பழித்துவிட்டு, கூடத்தைக் கட்டியவனை மறந்துவிடுகின்றோம்.

வங்கியிலும் கந்தோரிலும் வணிக நிலையத்திலும் பேரேட்டின் இடத்தை இன்று கணினித் திரை பிடித்துக்கொண்டது. அத்திரையில் எந்தக் கட்டம் எங்கே இருத்தல் வேண்டும், அதற்கு என்ன பெயர் இடுதல் வேண்டும் என்பன அற்ப விடயங்களாகத் தோன்றலாம். அவை அற்பமல்ல என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் சான்று பகரும்.

முதலாவது ஜப்பானில் நிகழ்ந்தது. 2005 டிசெம்பர் 8ஆம் நாள், ஜே-கொம் என்னும் கம்பனியின் பங்குகள் டோக்கியோ பங்குச் சந்தைக்கு முதன்முதலாக வந்தன. மிசுஹோ என்னும் பங்குத் தரகு நிறுவனம் ஒரு பங்கை 610,000 யெனுக்கு விற்க எண்ணியது. திரையில் எண்கள் இடம் மாறின. 610,000 பங்குகள் ஒவ்வொன்றும் ஒரு யென் வீதம் விலைக்கு வந்தன! அக்கம்பனி வெளியிட்டிருந்த பங்குகளோ 14,500 மாத்திரமே. திரை எச்சரிக்கை செய்யாமல் இல்லை. ஆனால் அத்தகைய எச்சரிக்கைகள் அடிக்கடி தோன்றுவன ஆதலின், ஊழியர் அதனைத் தள்ளிவிட்டு மேலே சென்றார். தவற்றை உணர்ந்து கட்டளையை மீளப்பெற முயன்றபோது, சந்தையின் கணினியிலிருந்த குறைபாட்டினால் அதுவும் கைகூடவில்லை. நட்டம் ஏறத்தாழ 4,000 கோடி யென்.

இரண்டாவது அமெரிக்காவின் சிட்டி வங்கியிலே 2020 ஆகஸ்டில் நிகழ்ந்தது. ரெவ்லோன் கம்பனிக்குக் கடன் கொடுத்தோர்க்கு வட்டியாக ஏறத்தாழ 78 இலட்சம் டொலர் அனுப்பவேண்டியிருந்தது. அவ்வேலையை முடிக்க, முழுக் கடனையும் தீர்ப்பதுபோலக் கணினியிற் பதிந்து, முதற்பணத்தை மட்டும் வங்கியின் உட்கணக்கொன்றுக்குத் திருப்பிவிடுதல் வழக்கம். அவ்வாறு திருப்புவதற்குத் திரையிலே பிரின்சிப்பல், ஃபுரண்ட், ஃபண்ட் என மூன்று கட்டங்களையும் நிரப்புதல் வேண்டும். பிரின்சிப்பல் என்றால் முதல் என்பது யாவரும் அறிந்ததன்றோ? முதலை நிறுத்த அந்த ஒரு கட்டமே போதும் என்று ஊழியர் எண்ணினார். சரிபார்த்தவரும் அவ்வாறே எண்ணினார். இறுதியாக ஒப்புதல் அளித்தவரும் அவ்வாறே எண்ணினார். ஆறு கண்கள் பார்த்தும், ஏறத்தாழ 90 கோடி டொலர் வெளியே போயிற்று. பணம் வங்கியை விட்டு வெளியே செல்லும் என்று திரை எச்சரித்தது உண்மை. எவ்வளவு பணம் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. வட்டிப் பணம் எப்படியும் வெளியே போகவேண்டியதே ஆதலின், அவ்வெச்சரிக்கை எவரையும் திடுக்கிடச் செய்யவில்லை. ஏறத்தாழ 50 கோடி டொலரைச் சிலர் திருப்பிக் கொடுக்க மறுத்தனர். 2021இல் நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 2022இலேதான் மேன்முறையீட்டில் அது மாற்றப்பட்டது.

மூவரும் ஒரே தவற்றைச் செய்தார்கள் என்றால், அது மூவருடைய அறியாமை மட்டுமன்று. பக்கத்தின் கோணலும் ஆகும். “90 கோடி டொலர் இப்பொழுது வங்கியை விட்டு வெளியே போகின்றது” என்று ஒரு வரி இருந்திருப்பின், ஒருவராவது கையை எடுத்திருப்பார் அல்லரோ?

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க விதிகள் எளியன. திரையிலுள்ள சொல், வேலை செய்பவரின் வாயில் வழங்கும் சொல்லாக இருத்தல் வேண்டும். கையிலுள்ள பத்திரத்தில் விவரங்கள் எந்த ஒழுங்கில் உள்ளனவோ, கட்டங்களும் அவ்வொழுங்கிலே அமைதல் வேண்டும். எச்சரிக்கை அரிதாகவும் திட்டமாகவும் வருதல் வேண்டும். புலி வருகிறது, புலி வருகிறது என்று நாள்தோறும் கூவினால், புலி வரும் நாளில் யார் திரும்பிப் பார்ப்பார்? பெரிதாகவும் அருகிலும் உள்ள இலக்கைக் கை விரைவில் அடையும் என்பதை 1954இலே போல் ஃபிட்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் அளந்து காட்டினார். ஆகவே, அடிக்கடி வேண்டிய பொத்தானைக் கைக்கு எட்ட வைத்து, அழிக்கும் பொத்தானை அதனின்று விலக்கி வைத்தலே முறை.

நம்மவர்க்கு இன்னுமொரு குறையும் உண்டு. தகப்பனார் பெயரை முன்னே இட்டு எழுதும் நம்மிடம், குடும்பப் பெயர் என்றொரு கட்டத்தைக் காட்டி, அதனை நிரப்பினாலன்றி அப்பாற் போகவிடாத திரைகள் பல. ஓரிடத்தில் தகப்பனார் பெயரும் வேறோரிடத்தில் சொந்தப் பெயரும் அக்கட்டத்தில் ஏறிவிட, ஒருவரே இருவராகி, இரண்டு பத்திரங்களுக்கிடையே அலைகின்றார். ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வகுத்த கட்டத்திலே நீண்ட தமிழ்ச் சொல் அடங்காது வெட்டுண்டு கிடப்பதும் அத்தகையதே.

கணினி பயிலும் மாணவர்க்கு நாம் கூறவிரும்புவது இதுவே. பக்கம் ஒன்றை வரைந்து முடித்ததும், அதனைப் பயன்படுத்தப்போகும் இலிகிதர் ஒருவரை அதன்முன் இருத்தி, வாய் திறவாது அருகிலிருந்து பாருங்கள். ஐவரை இவ்வாறு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று, இத்துறையில் பேர்பெற்ற யேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். அவர் எங்கே தயங்குகின்றாரோ அங்கே விளக்கம் சொல்ல விரையாதீர்கள். அந்த இடத்தைத் திருத்துங்கள். விளக்கஞ் சொல்ல நீங்கள் என்றும் அவரருகே இருக்கப்போவதில்லை; திரைதான் இருக்கும்.