சின்ன எஞ்சின், பெரிய பெயர்

ஃபெராரி என்றதும் நினைவுக்கு வருவது சிவப்பு நிறமும் தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கும் சத்தமும்தான். அதே ஃபெராரி 1980-இல் வெறும் 155 குதிரைத்திறன் கொண்ட ஒரு காரை விற்றது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். பெயர் 208. வெளியிலிருந்து பார்த்தால் புகழ்பெற்ற 308 மாடலின் அச்சு அசல். உள்ளே எட்டு சிலிண்டர் உண்டு. ஆனால் எட்டும் சேர்ந்து 1991 சிசிதான். ஒரு சிலிண்டருக்கு 250 சிசி கூடத் தேறாது.

இதற்குப் பொறியியல் காரணம் எதையும் தேட வேண்டாம். எல்லாம் வரி செய்த வேலை. அந்தக் காலத்து இத்தாலியில் 2000 சிசியைத் தாண்டிய காருக்கு மதிப்புக் கூட்டு வரி தனி. 1980-களில் அது 38 சதவீதம் வரை போனது. கோட்டுக்குள் நின்றால் ஏறக்குறைய அதில் பாதிதான். விலை உயர்ந்த கார் என்பதால் சதவீதம் பணமாக மாறும்போது அது ஒரு சின்ன காரின் விலையே ஆகிவிடும். அதனால் லம்போர்கினி உராக்கோவுக்கு ஒரு பி200, மசராட்டி மெராக்குக்கு ஒரு 2000 என்று எல்லோரும் இரண்டு லிட்டருக்குள் தலையைக் குனிந்து நுழைந்தார்கள். 1981-இல் வந்த மசராட்டி பைடர்போ உள்நாட்டுக்கு 1996 சிசி, ஏற்றுமதிக்கு 2.5 லிட்டர் என்று பிரிந்தது. ஜெர்மானியர்களும் விடவில்லை. பிஎம்டபிள்யூ தன் எம்3 எஞ்சினைச் சுருக்கி 1990 சிசி ஆக்கி, 320ஐஎஸ் என்று பெயர் வைத்து இத்தாலிக்கும் போர்ச்சுகலுக்கும் அனுப்பியது. அது 192 குதிரைத்திறன். அந்தக் கார் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் சரக்கு.

155 குதிரைத்திறனோடு ஃபெராரியில் போவது கொஞ்சம் சங்கடமான விஷயம்தான். அதைச் சரிசெய்ய 1982-இல் 208-இல் டர்போவைப் பொருத்தினார்கள். 220 குதிரைத்திறன் ஆனது. ஃபெராரி சாலைக்காகச் செய்த முதல் டர்போ கார் இதுதான். பின்னாளில் உலகமே வாயைப் பிளந்த எஃப்40-க்கு முன்னால், வரிக்குப் பயந்து பிறந்த இந்தக் குட்டி அண்ணன் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

இந்தப் பழங்கதைக்கு இப்போது என்ன அவசியம் என்று கேட்கலாம். சொகுசு ஸ்போர்ட்ஸ் கூபேயில் சின்ன எஞ்சின் என்றாலே "ஏமாற்று வேலை" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. "காலத்தின் கட்டாயம்" என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. இரண்டுமே பாதிதான் சரி. எஞ்சின் சின்னதாவது ஒரு குற்றமே இல்லை. சின்னதானதால் மிச்சமாகும் பணம், எடை, வரி ஆகியவற்றில் வாங்குபவருக்கு ஒரு பங்கு போகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. இத்தாலிக்காரருக்குப் போனது. அதனால் அவர் குறைந்த சக்தியைத் தெரிந்தே வாங்கினார்.

முதலில் வாங்குபவர் எதை வாங்குகிறார் என்று பாருங்கள். கூபே என்பதே கணக்குப் பார்த்து வாங்கும் வண்டி அல்ல. இரண்டு கதவு. பின் இருக்கையில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். அதே நிறுவனத்தின் செடானில் இதைவிட வசதி அதிகம். ஆக அவர் காசு கொடுப்பது அந்தத் தாழ்ந்த கூரைக்கும், நீண்ட மூக்குக்கும், முன்னால் இருக்கும் சின்னத்துக்கும். எஞ்சின் பானெட்டுக்குள் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. நகரத்து நெரிசலில் 184 குதிரைத்திறனும் 374 குதிரைத்திறனும் ஒரே சிக்னலில்தான் நிற்கும்.

விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பிஎம்டபிள்யூ 420ஐ கூபேயில் 184 குதிரைத்திறன், எம்440ஐ கூபேயில் 374. ஆனால் எம் ஸ்போர்ட் பேக்கேஜ் போட்டுவிட்டால் 420ஐயும் முறைப்பாகவே நிற்கும். மெர்சிடிஸில் இதற்கு ஏஎம்ஜி லைன் என்று பெயர். தோற்றத்தைத் தனியாகவும் சக்தியைத் தனியாகவும் விலை போட்டு விற்கும் கலை இது. இன்னும் வேடிக்கை, ஜெர்மனியில் ஆர்டர் கொடுக்கும்போதே பின்பக்க மாடல் எண் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒட்டாமல் அனுப்புவார்கள். சின்ன எஞ்சின் வாங்கியவருக்கு அதைவிட நிம்மதி வேறென்ன!

எண் இருந்தாலும் பெரிய உபயோகமில்லை என்பது வேறு கதை. 1990-களில் 328 என்றால் உள்ளே 2.8 லிட்டர், ஆறு சிலிண்டர். இன்றைய 430-இல் மூன்று லிட்டர் இல்லை. 420, 430 இரண்டிலும் 1998 சிசி, நான்கு சிலிண்டர்தான். எண் இப்போது அளவைச் சொல்வதில்லை, விலைப் பட்டியலில் இடத்தைச் சொல்கிறது.

இனி போர்ஷேக்கு வருவோம், ஏனென்றால் விவகாரம் முற்றியது அங்கேதான். 2016-இல் கேமேன், பாக்ஸ்டர் இரண்டும் 718 என்று பெயர் மாறின. ஆறு சிலிண்டர் போய் நான்கு சிலிண்டர் டர்போ வந்தது. சாதாரண மாடலில் 2.7 லிட்டர் இருந்த இடத்தில் 2 லிட்டர், எஸ் மாடலில் 3.4 இருந்த இடத்தில் 2.5. சக்தி குறையவில்லை, கூடியது: 300, 350 குதிரைத்திறன். ஐரோப்பாவின் கரியமில வாயுக் கட்டுப்பாடு ஒரு காரணம். சீனாவின் வரிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். அங்கே நுகர்வு வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது. 1.5-க்கு மேல் 2 லிட்டர் வரை 5 சதவீதம், 2.5 வரை 9, 3 வரை 12, 4 வரை 25. அதாவது 2.7 கேமேன் 12-லிருந்து 5-க்கு இறங்கியது. எஸ் மாடல் 25-லிருந்து ஒரேயடியாக 9-க்கு வந்தது. 2015 முதல் சில ஆண்டுகள் போர்ஷேயின் மிகப் பெரிய தனிச் சந்தை சீனாதான் என்பதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரியாக வருகிறது. இத்தாலியின் பழைய படம் சீனாவில் மறுபடி ஓடியது!

ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருந்த வாடிக்கையாளருக்கு சீன வரியால் என்ன லாபம்? அவருக்கு விலை குறையவில்லை. ஆறு சிலிண்டரின் இசை போய், கரகரவென்ற ஒரு சத்தம் வந்தது. விமர்சகர்கள் காரின் வேகத்தைப் பாராட்டிவிட்டு, சத்தத்தைத் திட்டித் தீர்த்தார்கள். சத்தம் அற்ப விஷயம் என்று நினைக்க வேண்டாம். தேவையே இல்லாத ஒரு பொருளை ஆசைக்காக வாங்கும்போது, ஆசையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அதே விலை கேட்டால் வாங்குபவர் முகம் சுளிக்கத்தான் செய்வார். 2020-இல் போர்ஷே என்ன செய்தது? ஜிடிஎஸ் 4.0 என்று 4 லிட்டர், ஆறு சிலிண்டர், 400 குதிரைத்திறனோடு ஒன்றைக் கொண்டுவந்தது. முன்பு சாதாரண மாடலிலேயே கிடைத்த ஆறு சிலிண்டருக்கு இப்போது உச்சி மாடலின் விலை. வணிகவியல் பாடப் புத்தகத்தில் சேர்க்க வேண்டிய அத்தியாயம்.

மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63 இதற்கு ஒரு படி மேலே போனது. முந்தைய தலைமுறையில் செடானாகவும் கூபேயாகவும் 4 லிட்டர் வி8 எஞ்சினோடு வந்த மாடல். 2022-இல் செடானுக்கு 2 லிட்டர் நான்கு சிலிண்டரும் மின்மோட்டாரும் கொடுத்தார்கள். எஞ்சின் மட்டும் 476 குதிரைத்திறன். பழைய சி63-இன் வி8 கொடுத்ததும் மிகச் சரியாக அதே 476! மோட்டாரையும் சேர்த்தால் 680. (எஞ்சின் அளவு 1991 சிசி, அந்தப் பழைய ஃபெராரியின் அதே எண். அன்று 155, இன்று 476.) பொறியாளர்களுக்கு ஒரு சலாம் போடலாம். ஆனால் எடை 2100 கிலோவைத் தாண்டியது, விலையும் குறையவில்லை. சின்ன எஞ்சின் தரவேண்டிய இரண்டு லாபங்களுமே இல்லாமல் போன பிறகு, பழைய வாடிக்கையாளர் வி8-ஐ நினைத்துப் பெருமூச்சு விட்டதில் ஆச்சரியம் இல்லை.

இதே காலத்தில் சின்ன எஞ்சினை ஒழுங்காக விற்றவர்களும் இருக்கிறார்கள். ஜாகுவார் எஃப்-டைப்பில் 2017-இல் 300 குதிரைத்திறன் கொண்ட 2 லிட்டர் எஞ்சின் வந்தது. வி6, வி8 எதையும் அதற்காக எடுக்கவில்லை. கீழே ஒரு புதுப் படி போட்டார்கள், அவ்வளவுதான். விலை குறைவு, வி6-ஐ விட 52 கிலோ எடையும் குறைவு. பெரும்பாலும் முன் சக்கரங்களின் மேல் இருந்த எடை என்பதால் வளைவுகளில் கார் இன்னும் லாவகமாகத் திரும்பியது. பிரெஞ்சு ஆல்ப்பைன் ஏ110 1.8 லிட்டர்தான், 252 குதிரைத்திறன்தான், ஆனால் மொத்த எடையே சுமார் 1100 கிலோ. அதை ஓட்டிப் பார்த்துவிட்டு எஞ்சின் சின்னது என்று குறை சொன்னவர்கள் குறைவு. பிஎம்டபிள்யூ ஐ8 இன்னும் துணிச்சல்: 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், கூடவே மின்மோட்டார், சத்தத்துக்கு ஒலிபெருக்கி உதவி! ஆனால் 2014-இல் அது எந்தப் பழைய மாடலின் நாற்காலியிலும் உட்காரவில்லை. மேலே தூக்கித் திறக்கும் கதவும் விண்கலம் போன்ற உடலுமாகத் தனியாக வந்தது. 2020-இல் நிறுத்தும் வரை 20,000-க்கும் மேல் விற்றது.

இவற்றில் பல இன்று ஷோரூமில் இல்லை. ஆடி டிடி 2023-இல் நின்றது, எஃப்-டைப் 2024-இல் நின்றது. 718 ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையிலிருந்து விலகியதும் 2024-இல்தான், அதுவும் எஞ்சினால் அல்ல, இணையப் பாதுகாப்பு விதிகளால். மெர்சிடிஸ் தன் சி கூபே, இ கூபே இரண்டையும் சேர்த்து 2023-இல் சிஎல்இ என்று ஒன்றாக்கிவிட்டது. அதன் சிஎல்இ 200-இல் இருப்பது 2 லிட்டர், 204 குதிரைத்திறன். மேலே ஆறு சிலிண்டர் வேண்டுபவருக்கு அதுவும் தனியே இருக்கிறது, அதற்குரிய விலையில்.