பிறக்கும்போதே முழுமையாக

1967ல் ஆஸ்லோவின் நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹன் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் சிமுலா 67 மொழியை உருவாக்கியபோது, ஒரு பெரிய காரியத்தைச் சத்தமில்லாமல் செய்தார்கள். ஓர் ஆப்ஜெக்ட் பிறக்க என்னென்ன வேண்டுமோ, அவற்றைக் கிளாஸின் பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் எழுதவைத்தார்கள். 'நியூ புள்ளி(3, 4)' என்றால் போதும். அந்த இரண்டு எண்களும் அந்தப் புள்ளிக்கே சொந்தமாகிவிடும். கன்ஸ்ட்ரக்டர் என்று தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

கேம்பிரிட்ஜில் சிமுலாவைப் பழகிய பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப், 1979ல் பெல் ஆய்வகத்தில் சி மொழியின் மேல் கிளாஸ்களைக் கட்டத் தொடங்கினார். அந்த வழியில் கன்ஸ்ட்ரக்டர் தனி உறுப்பாக வளர்ந்தது. உள்ளே வரும் மதிப்பை வாசலிலேயே சோதிக்க அது நல்ல இடம். ஆனால் எழுதுகிறவருக்கு வேலை கூடியது. ஜாவாவில் வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும்: ஃபீல்டை அறிவிக்கும்போது ஒருமுறை, ஆர்குமென்ட் பட்டியலில் ஒருமுறை, சமக்குறிக்கு இருபுறமும் இருமுறை என ஒரே பெயரை நான்கு தடவை எழுத வேண்டும்.

சுற்றிச் சுற்றி, மொழிகள் பழைய இடத்துக்கே வந்திருக்கின்றன. 2016ல் வெளியான கோட்லின் 1.0, 2021ல் ஜாவா 16 தந்த ரெக்கார்டு, 2023ல் சி ஷார்ப் 12 எல்லாமே கிளாஸின் பெயரருகே அடைப்புக்குறியைத் திறக்கின்றன. 2001க்கான டியூரிங் விருதைப் பெற்ற டாலும் நிகார்டும் 2002லேயே, இரண்டு மாதங்களுக்குள், காலமாகிவிட்டார்கள். மொழிகள் இப்படித் திரும்பி வந்ததைக் காண அவர்கள் இல்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

தீராத சிக்கல் ஒன்று இன்னும் இருக்கிறது: அடைப்புக்குறிக்குள் மதிப்புகளை எழுதும் வரிசை. சென்னையின் அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27. 'நியூ இடம்(80.27, 13.08)' என்று மாற்றி எழுதிப் பாருங்கள். இரண்டும் தசம எண்கள் என்பதால் கம்பைலர் தடுக்காது. அட்சரேகை 90க்குள் இருப்பதால் வரம்புச் சோதனையிலும் தப்பிவிடும். சென்னை, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும்!

பைத்தான், கோட்லின், சி ஷார்ப் மூன்றிலும் ஆர்குமென்ட்டைப் பெயர் சொல்லி அனுப்பலாம். ஜாவாவில் இன்றுவரை அந்த வசதி இல்லை, அது பெருங்குறைதான். அங்கே அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் தனித்தனி டைப் செய்துகொள்ளுங்கள். மற்ற மொழிகளில் எழுதுகிறவர்கள், ஒரே வகை மதிப்புகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால், தயவுசெய்து பெயரோடு அனுப்புங்கள்.